மசாலாவுக்கு ஒரு பக்கம்

வசந்தகுமாரியின் மசாலாப் பாக்கெட்டுகளுக்கு நெட்டில் ஒரு பக்கம் வேண்டும் என்று முதலில் சொன்னவள் ஜோஸ்லின். அந்தமானில், பாம்பூஃப்ளாட்டின் படகு நிற்கும் ஜெட்டியிலிருந்து மேடேறும் சாலையில் அண்ணன் ஜெபராஜோடு சேர்ந்து அவள் ஒரு பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தாள். பாக்கெட்டுகளுக்கு லேபிள் அடித்துக் கொடுப்பதும் அவள்தான். அந்த லேபிளில் போன் நம்பர் போட்டதிலிருந்து தொல்லை தொடங்கியது. ஹேவ்லாக் தீவில் மிளகும் கிராம்பும் வாங்கிப் போன டூரிஸ்டுகள் பெங்களூரிலிருந்தும் புனேயிலிருந்தும் கூப்பிட்டு, இன்னும் அனுப்ப முடியுமா, வேறு என்னென்ன இருக்கிறது என்று இந்தியிலும் இங்கிலீஷிலும் கேட்டார்கள். வசந்தகுமாரிக்குத் தெரிந்தது ஜெட்டியிலும் பஜாரிலும் பேசிப் பழகிய இந்தி. பட்டையின் மணத்தை அதில் எப்படிச் சொல்வது? திணறிவிட்டுப் போனை வைத்துவிடுவாள்.

"ஒரு பிளாக் தொடங்கிட்டா போதும்க்கா. போட்டோ, விலை எல்லாத்தையும் அதுல போட்டுட்டு, அங்க போய்ப் பாருங்கன்னு சொல்லிரலாம்," என்றாள் ஜோஸ்லின்.

அது 2010ஆம் வருட மழைக்காலம் முடியும் நேரம். வீட்டுக்குப் பின்னால் இருந்த அறையில் வசந்தகுமாரியும், அவளோடு ஒச்சம்மாவும் அழகம்மாவும் வேலை செய்தார்கள். புரோத்ராபூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் வாங்கி வரும் மிளகையும் கிராம்பையும் பட்டையையும் காயவைத்து, புடைத்து, கவரில் போட்டு ஒட்டுவது வேலை. மூவரும் கச்சால்காரர்கள். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர்க் காட்டில் குடிவைக்கப்பட்டவர்களின் பிள்ளைகள். சுனாமிக்குப் பிறகு அவர்களைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து பாம்பூஃப்ளாட்டில் தகரக் கொட்டகைகளில் இறக்கினார்கள். பலர் பிறகு கச்சாலுக்கே திரும்பிப் போய்விட்டார்கள். வசந்தகுமாரி போகவில்லை.

அவள் புருஷன் முருகானந்தம் கச்சாலில் ரப்பர்ப் பால் வெட்டிக்கொண்டிருந்தவன். இப்போது சாத்தத்துக்கு ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிப் போகும் ஃபெரியில் கயிறு வீசிக் கட்டும் வேலை. அவர்களுக்கு ஒரே மகள், சந்திரமதி. சுனாமி வந்தபோது பத்து வயது. கிறிஸ்துமஸுக்குக் கடலோரக் கிராமத்திலிருந்த பள்ளிக்கூடத் தோழி வீட்டுக்குப் போனவள், விருந்து முடிந்து இரவு அங்கேயே தங்கிவிட்டாள். மறுநாள் காலையில் அந்தக் கிராமமே இல்லை. எல்லாரையும் கப்பலில் ஏற்றிய பிறகும் முருகானந்தம் தீவிலேயே நின்று தேடினான். வேறொரு கப்பலில் வந்து இறங்கி, கொட்டகை வாசலில் நின்று, "ஒண்ணும் கெடைக்கல" என்றான். அதற்குப் பிறகு மகளைப் பற்றி அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தையும் வந்ததில்லை. வசந்தகுமாரி சுவரில் மாட்டிய படத்தின் பக்கம்கூட அவன் திரும்பமாட்டான். சாப்பிட உட்காரும்போதும் அந்தச் சுவருக்கு முதுகு காட்டித்தான் உட்காருவான்.

பக்கத்தை எங்கே வைப்பது என்பதில்தான் ஜோஸ்லினும் வசந்தகுமாரியும் ஒரு மாதத்துக்கு மேல் குழம்பினார்கள். இலவசமாக இடம் கொடுக்கிற பெரிய கம்பெனிகள் இருந்தன. ஆனால் அங்கே ஆர்டர் எடுக்க வசதி கிடையாது. ஊர் பேர் தெரியாதவர்கள் தேடி வருவதும் நடக்காது. காட்டுக்குள்ளே கடை போட்ட மாதிரிதான் இருக்கும் என்று ஜோஸ்லினே சொன்னாள். சொந்தப் பெயரில் முகவரி வாங்கி, வாடகைக்கு இடம் பிடித்து வைக்கலாம் என்றால் அதற்கு கிரெடிட் கார்டு வேண்டும். ஜெபராஜ் பேங்கில் போய்க் கேட்டான். இந்த மாதிரி வருமானத்துக்குக் கார்டு தரமாட்டோம் என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார்கள்.

அப்போதுதான் சென்னையில் ஒரு அமைப்பைப் பற்றி ஜோஸ்லினுக்குத் தெரியவந்தது. கரையோரத்துப் பெண்கள் செய்யும் பொருட்களுக்கென்று அவர்களே ஒரு தளம் வைத்திருந்தார்கள். பக்கம் எழுதுவது, போட்டோ எடுப்பது, ஆர்டர் வாங்குவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. பாக்கெட்டைக் கட்டிக் கொடுத்தால் போதும். ஜோஸ்லின் மெயில் போட்டாள். நேரில் வந்து பார்க்கிறோம் என்று பதில் வந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது வசந்தகுமாரி அதைச் சொன்னாள். அவங்க எடத்துல போயி நம்ம கடைய வைக்கிறதா என்று முருகானந்தம் கேட்டான். இந்த வீடும் அடுத்தவன் வீடுதானே, வாடகைக்கு இருக்கவில்லையா என்றாள் அவள். அவன் எழுந்து கை கழுவப் போய்விட்டான்.

சென்னையிலிருந்து வந்த விசாலாட்சியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். மிளகுத் தூசி படிந்த தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பட்டையை ஒடித்து முகர்ந்து பார்த்தாள். எந்தத் தோட்டத்துப் பட்டை, எப்போது உரித்தது என்று விவரமாகக் கேட்டாள். பிறகு டீ குடிக்க வீட்டுக்குள் வந்தபோது சுவரில் இருந்த படத்தைப் பார்த்து, யார் என்று கேட்டாள்.

வசந்தகுமாரி அதுவரை யாரிடமும் அதைச் சொன்னதில்லை. பாம்பூஃப்ளாட்டில் அதைக் கேட்பவர் கிடையாது. கேட்க வேண்டியவர்களுக்கெல்லாம் ஏற்கெனவே தெரியும். அல்லது அவர்களுக்கும் அதே கதி. முதல்முறையாக ஒரு ஆள் எதிரே உட்கார்ந்து கேட்டபோது, அவளால் நிறுத்த முடியவில்லை. மகள் கிறிஸ்துமஸுக்குப் போட்டுக்கொண்டு போன பாவாடையின் நிறத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். புருஷன் நின்று தேடியதையும் சொன்னாள். விசாலாட்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"இத எழுதலாமாம்மா? ஒங்களுக்கு மனசில்லேன்னா வேண்டாம்."

எழுதுங்க என்றாள் வசந்தகுமாரி. படத்தைக் கொஞ்சம் கையில் பிடித்துக்கொள்ள முடியுமா என்று விசாலாட்சி தயங்கித் தயங்கிக் கேட்டாள். வசந்தகுமாரி ஆணியிலிருந்து படத்தைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, மடியில் வைத்துக்கொண்டாள். முருகானந்தம் அப்போது டூட்டியில் இருந்தான்.

பக்கம் வந்துவிட்டது என்று தெரிந்ததும் ஜோஸ்லின் ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். தீவுக்கு வருவது சாட்டிலைட் நெட், மெதுவானது. போட்டோ மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. முதலில் தலைமுடி, பிறகு வசந்தகுமாரியின் முகம், அப்புறம் மடியில் சந்திரமதி. ஒச்சம்மா பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். ஜோஸ்லின் இங்கிலீஷைப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். நல்லாத்தான் எழுதியிருந்தார்கள். நடுவில் ஒரு வரி: சுனாமியில் குடும்பத்தை இழந்து, தன்னந்தனியாக நின்று இந்தத் தொழிலைக் கட்டி எழுப்பியவர் வசந்தகுமாரி.

"குடும்பத்தயா? அவரு இல்லாத மாதிரில இருக்கு," என்றாள் வசந்தகுமாரி.

"புள்ளயத்தான் அப்படிச் சொல்லியிருக்காங்க போலக்கா. மாத்தச் சொல்லவா?"

வசந்தகுமாரி திரையைப் பார்த்தாள். வந்ததும் வராததுமாகக் குறை சொல்வதா என்று தோன்றியது. அப்புறம் சொல்லிக்கலாம் என்றாள்.

அப்புறம் அதற்கு நேரம் வரவில்லை. அந்த வாரமே ஆர்டர் வரத் தொடங்கிவிட்டது. மூவருக்கும் வேலை ஓயவில்லை. இன்னும் இரண்டு பெண்களைச் சேர்த்தார்கள். ஒச்சம்மா மகளை போர்ட் பிளேயரில் டைப்பிங் வகுப்புக்கு அனுப்பினாள். பக்கத்துக்குக் கீழே வாங்கியவர்கள் எழுதுவதை ஜோஸ்லின் சனிக்கிழமைகளில் படித்துக் காட்டுவாள். உங்கள் கண்ணீரைக் கடவுள் பார்க்கிறார். உங்களைப் போன்ற தைரியம் எங்களுக்கு இல்லை. படத்தைப் பார்த்து ராத்திரி தூங்கவில்லை. வசந்தகுமாரி கேட்டுக்கொண்டே கவர் மடிப்பாள்.

"கிராம்பு எப்புடி இருந்துச்சுன்னு யாரும் எழுதலியா?" என்று ஒருமுறை கேட்டாள்.

"இல்லக்கா."

முருகானந்தத்துக்குப் பக்கம் வந்தது தெரியும். ஆர்டர் கூடியதும் தெரியும். விடுப்பு நாளில் மூட்டைகளை அவனே தோளில் வைத்து போஸ்ட் ஆபீசுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அடுத்த வருட டிசம்பரில் ஒரு முற்பகல், சாலையில் அவன் மேடேறி வருவதை வசந்தகுமாரி அறை வாசலிலிருந்து பார்த்தாள். டூட்டி நேரத்தில் அவன் வீட்டுக்கு வருவதே கிடையாது. கையில் யாருடையதோ ஒரு பை. பின்னால் வெள்ளைத் தொப்பி வைத்த பெரியவர் ஒருவரும் அவர் மனைவியும் மூச்சு வாங்க வந்துகொண்டிருந்தார்கள். முருகானந்தம் வாசலில் வந்து நின்றான். பையைக் கீழே வைத்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"இவங்க ஒங்களத் தேடி வந்திருக்காங்க."

பதினெட்டு வருடக் குடித்தனத்தில் அவன் அவளை நீங்கள் என்று சொன்னதில்லை. வசந்தகுமாரிக்கு என்ன நடந்திருக்கிறது என்று அந்த நொடியிலேயே புரிந்துவிட்டது.

அவள் வாய் திறப்பதற்குள் அந்த அம்மாள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார்கள். பெரியவர் பக்தவத்சலம், பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து மடித்துக் கையில் வைத்திருந்தார். ஃபெரியில் கயிறு கட்டுகிறவரிடம் அந்தத் தாளைக் காட்டி, சுனாமியில் புருஷன் பிள்ளை எல்லாரையும் பறிகொடுத்த அம்மா, இங்கேதான் எங்கேயோ இருக்கிறார்கள், தெரியுமா என்று கேட்டார்களாம். அவர் தாளையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாராம். பிறகு, வாங்க என்று சொல்லிவிட்டுத் தானே பையைத் தூக்கிக்கொண்டு வந்தாராம்.

"யாருமே இல்லாம எப்படிம்மா இருக்கே?" என்று அந்த அம்மாள் வசந்தகுமாரியின் கன்னத்தைத் தடவினாள்.

இதோ நிற்கிறாரே என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தைதான். ஆனால் சொன்னால் இவர்களுடைய கண்ணீர் என்ன ஆகும், பொய் சொல்லி விற்றாள் என்று ஊரெல்லாம் போய்ச் சொல்வார்களா, ஆர்டர் என்ன ஆகும் என்று மனம் எங்கெங்கோ ஓடியது. ஒச்சம்மா உள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பக்தவத்சலம் முருகானந்தத்தின் கையில் ஒரு நோட்டைத் திணிக்கப் போனார். "வேணாம் சாப்," என்று கும்பிட்டுவிட்டு அவன் சரிவில் இறங்கிப் போனான்.

வந்தவர்கள் டீ குடித்தார்கள். கோயம்புத்தூரில் தங்கள் அடுக்ககத்தின் எல்லா வீட்டுக்கும் சேர்த்து மசாலா வாங்கினார்கள். டூட்டியை விட்டுவிட்டு வழிகாட்ட வந்தாரே, எவ்வளவு நல்ல மனுஷன் என்று அந்த அம்மாள் சொன்னாள்.

"நல்ல மனுஷந்தாங்க," என்றாள் வசந்தகுமாரி. உள்ளே ஒச்சம்மா கவர் ஒட்டும் மெஷினை அழுத்திக்கொண்டே தலையைத் திருப்பிக்கொண்டாள்.

சாயங்காலம் அவன் வழக்கமான நேரத்துக்கு வந்தான். குளித்தான். அவள் சோறு போட்டாள். எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் குழம்பை இரண்டாவது தடவை ஊற்றினாள். அவனே பேசினான்.

"அதுல நான் செத்துட்டேன்னு எழுதியிருக்கா?"

"அப்புடி இல்லீங்க. குடும்பத்த இழந்தவங்கன்னு இருக்கு. அவங்க அப்புடி எடுத்துக்கிட்டாங்க."

"நான் இருக்கேன்னு அவங்ககிட்ட நீ சொல்லலியே."

அவள் அழத் தொடங்கினாள். அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

"அழாத. அவரு கேட்டப்ப எனக்கும் வாயி வரல," என்றான் அவன். "தாளுல புள்ள இருந்துச்சு. நான் அதத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். இம்புட்டுக் காலம் பாக்காம இருந்துட்டேன். யாரோ ஒரு ஆளு நீட்டுன தாளுல பாக்குற மாதிரி ஆயிப்போச்சு."

மறுநாள் விடிந்ததும் அவள் ஜோஸ்லினிடம் போய் விசாலாட்சிக்குப் போன் போடச் சொன்னாள். விசாலாட்சி பதறிப்போனாள். அந்த வரியை எழுதியவள் தான்தான் என்றும், சுருக்கும்போது அப்படி அர்த்தம் வரும் என்று தோன்றவில்லை என்றும் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டாள். இன்றைக்கே திருத்திவிடலாம் என்றாள். வசந்தகுமாரி, மகள் படத்தையும் எடுத்துவிடச் சொன்னாள். அந்தப் படம் இப்போது தளத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறது, புத்தகமாக அச்சடித்தும் கொடுத்துவிட்டோம், அதைப் பார்த்துத்தான் மற்றப் பெண்களின் பொருட்களுக்கும் ஆட்கள் வருகிறார்கள் என்று விசாலாட்சி தயக்கத்தோடு சொன்னாள். அவள் சொன்னதில் பொய் இல்லை.

"அப்பன்னா எங்களயே எடுத்துருங்கம்மா. முழுசா எடுத்துருங்க," என்றாள் வசந்தகுமாரி.

அறைக்குத் திரும்பி அதைச் சொன்னபோது, ஒச்சம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். அவர்கள் இருவரும் கச்சாலில் ஒரே லயத்தில், தோட்டக்காரர்களுக்கு ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள்.

"ஒன் வீட்டு வெவகாரத்துக்கு எங்க பொழப்ப ஏன் கெடுக்குற?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "எனக்கும் ரெண்டு புள்ள போச்சு வசந்தா. என் வீட்டுப் படத்த யாரும் வந்து கேக்கல. கேட்டா நான் குடுத்திருப்பேன்."

ஒச்சம்மா பொங்கல் வரை வேலைக்கு வந்தாள். ஆர்டர் நின்றதும், கூட்டிப் பெருக்கும் வேலைக்கு ஒரு ஹோட்டலுக்குப் போய்விட்டாள். புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்களும் போனார்கள். வழியில் பார்த்தால் ஒச்சம்மா நின்று பேசுவாள். ஆனால் வீட்டுக்கு வருவதில்லை.

இலவச இடத்திலேயே பக்கத்தைத் தொடங்குவது என்று முடிவாயிற்று. வேறு வழியும் இல்லை. வானம் மூடியிருந்ததால் போட்டோ ஏறவே மாட்டேன் என்றது. ஜோஸ்லின் நாலைந்து நாள் மல்லுக்கட்டினாள். மிளகு, கிராம்பு, பட்டை, ஜாதிக்காய், விலை, போன் நம்பர். எங்களைப் பற்றி என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் என்ன போடுவது என்று கேட்டாள்.

"வசந்தகுமாரி, முருகானந்தம், பாம்பூஃப்ளாட். அவ்வளவு போதும்."

அன்று மாலை அதைச் சொல்வதற்காகவே அவள் ஜெட்டிக்குப் போய் நின்றாள். ஃபெரியிலிருந்து கடைசி வண்டியும் இறங்கிய பிறகு முருகானந்தம் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு வந்தான். இருவரும் சேர்ந்து நடந்தார்கள். புதுப் பக்கத்தில் அவன் பெயரும் இருக்கிறது என்று சொன்னாள். அவன் தலையாட்டினான். கொஞ்ச தூரம் போன பிறகு, கச்சால் ஜெட்டிக்கு மாற்றல் கேட்டிருந்தேன், கிடைத்துவிட்டது என்றான். அங்கே போக யாரும் கேட்பதில்லை என்பதால் உடனே கொடுத்துவிட்டார்களாம்.

"அந்தப் பக்கத்துக்காகவா?"

"அதுக்காக இல்ல. நான் அங்கேருந்து வந்திருக்கவே கூடாது. தேடிக்கிட்டு இருக்கும்போதே கப்பல்ல ஏத்திட்டாங்க."

"என்னயும் கூட்டிக்கிட்டுப் போங்க."

"நீ வரமாட்ட வசந்தா," என்றான். குற்றமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னான். கச்சாலுக்குத் திரும்பும் பேச்சு வந்தாலே அவள் எழுந்து போய்விடுவாள். அவன் அதைப் பார்த்திருக்கிறான்.

பிப்ரவரியில் அவன் கப்பலேறினான். ஒரு டிரங்குப் பெட்டியும் பாயும்தான் சாமான். ஆணியிலிருந்த படத்தை எடுத்துப் போகச் சொன்னாள். அவன் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இங்கயே இருக்கட்டும் என்று திரும்பக் கொடுத்தான். கப்பல் நகர்ந்தபோது மேல்தட்டில் ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். அவன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

தளத்திலிருந்து பக்கத்தை எடுத்துவிட்டார்கள். விசாலாட்சி சொன்ன சொல் தவறவில்லை. ஆனால் அதற்குள் யார் யாரோ படத்தை எடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டிருந்தார்கள். ஜோஸ்லின் எப்போதாவது தேடிப் பார்த்தால் எங்காவது ஒன்று வந்து நிற்கும். ஒன்றில் ஊர் பெயர் நாகப்பட்டினம் என்றிருந்தது. எழுதியவர்களுக்கு மெயில் போட்டுப் பார்த்தாள். சிலர் எடுத்தார்கள். பிறகு அவளும் தேடுவதை விட்டுவிட்டாள்.

புதுப் பக்கத்தைப் பார்த்து மாதத்துக்கு ஒன்றிரண்டு ஆர்டர் வந்தது. அழகம்மாவும் வசந்தகுமாரியும் செய்தால் போதுமானதாக இருந்தது. மற்றதை முன்பு போல போர்ட் பிளேயரில் அபர்தீன் பஜார் கடைகளில் கொண்டுபோய்ப் போட்டாள். சாத்தம் ஃபெரியில் இப்போது ஒரு தெலுங்குப் பையன் கயிறு வீசினான். அவள் கூடையோடு ஏறினால் ஓரமாக இடம் ஒதுக்கிக் கொடுப்பான்.

முருகானந்தம் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வான். எந்தக் கப்பல் வந்தது, எவ்வளவு மழை, யார் வீட்டில் கல்யாணம் என்று சொல்வான். ஜூன் மாதத்தில் ஒருநாள், தானாகவே மகள் பெயரைச் சொன்னான்.

"சந்திரா போயி தங்குன வீடு இருந்த எடம் இப்பக் கடலுக்குள்ள இருக்கு. தண்ணி வத்துறப்ப ரெண்டு தூணு தெரியுது. டூட்டி முடிஞ்சு அங்க போயி ஒக்காந்துட்டு வருவேன்."

நான் வரவா என்று அவள் கேட்டாள். கேட்கும்போதே பயமாக இருந்தது, இருந்தும் கேட்டாள். மழை முடியட்டும் என்றான். மழை முடிந்த பிறகு மறுபடி கேட்டாள். கப்பல் டிக்கெட் கிடைப்பது கஷ்டம், பார்க்கலாம் என்றான். அவன் குரலில் வெறுப்பு இல்லை. ஆனால் வா என்றும் சொல்லவில்லை. மூன்றாவது தடவை அவள் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வந்தது. சில வாரம் வரவில்லை. வராத வாரங்களில் அவள் மிளகைப் புடைத்து முடித்துவிட்டு, விளக்கைப் போடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள்.